உங்களுக்குத் தெரியுமா? தேயிலைக் கொழுந்தின் ஒரு செல்லுக்குள் 2 மீட்டர் டிஎன்ஏ!

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனவர்கள் பச்சைப் பசேலென்ற சரிவைப் பார்த்திருப்பீர்கள். தேநீரை ஊதி ஊதிக் குடித்திருப்பீர்கள். அந்தக் கொழுந்துக்குள் இருக்கும் டிஎன்ஏவைப் பற்றி யோசித்ததுண்டா? அதில் ஒட்டிக்கொள்ளும் சேர்மங்கள், அதை வெட்டிப்போடும் சேர்மங்கள், ஒட்டியதா வெட்டியதா என்று கண்டுபிடிக்கும் தந்திரங்கள்... தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. எல்லாம் சேதாரம் இல்லாத தங்கம்! வாருங்கள்!

கொழுந்தின் ஒரே ஒரு செல்லை எடுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவை முழுக்க நீட்டினால் எவ்வளவு நீளம் வரும் தெரியுமா? ஏறக்குறைய 2 மீட்டர்! செல்லோ கண்ணுக்கே தெரியாது!

அஸ்ஸாம் வகைத் தேயிலையின் முழு மரபணுத் தொகுதியை விஞ்ஞானிகள் 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு தொகுதியில் டிஎன்ஏ எழுத்துகளின் எண்ணிக்கை சுமார் 302 கோடி! மனிதனுக்கு? அதே 300 கோடிச் சொச்சம்தான்! கொழுந்து பறிக்கும் அக்காவும் அவர் கூடையில் விழும் கொழுந்தும் இந்தக் கணக்கில் கிட்டத்தட்டச் சரிசமம்!

குரோமோசோம் கணக்கில் மட்டும் நாம் முந்திவிட்டோம். நமக்கு 46, தேயிலைக்கு 30!

டிஎன்ஏவின் பருமன் வெறும் 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 5 லட்சம் டிஎன்ஏ இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கலாம்!

ஒரு எழுத்து ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். இதை முதலில் அளந்தது யார்? டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சனும் கிரிக்கும் இல்லை! இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரியும் ஃபுளோரன்ஸ் பெல் என்ற இளம் பெண் விஞ்ஞானியும் 1938-இலேயே எக்ஸ் கதிரால் அளந்துவிட்டார்கள். இரட்டைச் சுருளுக்கு 15 ஆண்டுகள் முன்பே!

டிஎன்ஏவின் ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் ஓர் எதிர் மின்னூட்டம் உண்டு. ஒரு தேயிலைச் செல்லில் இரண்டு தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு இழை; முழுவதும் எண்ணினால் சுமார் 1,200 கோடி! நேர் மின்னூட்டம் உள்ள எந்தச் சேர்மமும் இதைக் கண்டால் ஓடிவந்து ஒட்டத்தான் செய்யும்!

இப்போது ஒரு பெரிய ஆச்சரியம். டிஎன்ஏவின் எழுத்தான அடினினை 1885-இல் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் காசல். மூன்றே ஆண்டுகளில், 1888-இல், அவர் இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார். தியோபிலின்! ஆஸ்துமா மருந்தாகப் பின்னாளில் புகழ்பெற்ற அதே தியோபிலின்! எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? தேயிலையிலிருந்து! 1910-இல் நோபல் பரிசும் வாங்கினார். டிஎன்ஏவும் தேயிலையும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன!

தேநீரின் காஃபின் எந்தக் குடும்பம்? பியூரின் குடும்பம்! டிஎன்ஏவின் அடினினும் குவானினும் அதே குடும்பம்தான்!

காஃபினைச் செடியே இல்லாமல் ஆய்வகத்தில் செய்து காட்டினார் எமில் ஃபிஷர், 1895-இல்! 1902-இல் அவருக்கும் நோபல்!

ஒரு கோப்பைத் தேநீரில் 40 மில்லிகிராம் காஃபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுகளை எண்ணினால்? 1 போட்டு 20 பூஜ்யம் போடுங்கள். அதற்கும் மேலே!

அந்தக் காஃபினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டிஎன்ஏவுக்குள் நுழையப் பார்க்கும் தட்டையான சாயங்களை வழியிலேயே மடக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது! அந்தச் சாயத்தின் ஒரு பகுதி டிஎன்ஏ பக்கமே போவதில்லை! இதைச் சோதனைக் குழாயில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்!

நுழைவது என்றால் எப்படி நுழையும்? இட்லித் தட்டு அடுக்கின் நடுவே இன்னொரு தட்டைச் செருகுவது போலத்தான்! எழுத்து ஜோடிகள் விலகி இடம் கொடுக்கும், தட்டையான மூலக்கூறு உள்ளே போய் உட்காரும், அடுக்கு உயரும். இப்படித்தான் நடக்கிறது என்று 1961-இல் அடித்துச் சொன்னவர் லெனார்டு லெர்மன்!

சரி, உட்கார்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டிஎன்ஏ கரைசலை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவார்கள். கீழே இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு சேர்மத்தைக் கலந்து மறுபடி ஊற்றுவார்கள். முன்பைவிட மெதுவாக இறங்கினால், சேர்மம் உள்ளே செருகிவிட்டது! ஏன்? டிஎன்ஏ நீண்டுவிட்டது, கரைசல் பிசுபிசுப்பு ஏறிவிட்டது! சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சேர்மம் இந்த வித்தையைக் காட்டாது. நானோமீட்டர் சமாசாரத்தைக் கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் சொல்லிவிடுகின்றன!

டிஎன்ஏவுக்கு மிகவும் பிடித்த ஒளி எது? 260 நானோமீட்டர் புற ஊதா! அதை அப்படியே விழுங்கும். ஒரு மில்லிலிட்டரில் 50 மைக்ரோகிராம் டிஎன்ஏ இருந்தால் கருவி ஏறக்குறைய 1 என்று காட்டும்!

சூடாக்கி இரட்டை இழையைப் பிரித்துவிட்டால் அதே டிஎன்ஏ சுமார் 40 சதவீதம் அதிக ஒளியை விழுங்கும்! சேர்மம் இறுக்கிப் பிடித்திருந்தால் பிரியவே அதிக வெப்பம் கேட்கும். வெப்பநிலை எவ்வளவு ஏறியதோ, பிடி அவ்வளவு பலம்!

இன்னொரு கருவி வெப்பத்தையே நேராக அளக்கிறது. டிஎன்ஏவில் சேர்மம் ஒட்டும்போது எழும் சூட்டை அது பிடித்துவிடும். எவ்வளவு நுட்பமாக? ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

இந்தச் சோதனைகளுக்கு உலகமெங்கும் வாங்கும் டிஎன்ஏ பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து! திருச்சியானாலும் கோலாலம்பூரானாலும் அதே கன்றுக்குட்டி டிஎன்ஏதான்!

டிஎன்ஏ ஆய்வகங்களின் நட்சத்திரச் சாயம் எத்திடியம் புரோமைடு. 1950களில் இது என்ன வேலை பார்த்தது தெரியுமா? ஆப்பிரிக்க மாடுகளுக்கு மருந்து! டிரிபனோசோம் ஒட்டுண்ணி நோய்க்குப் போட்ட ஊசி மருந்து, இன்று டிஎன்ஏவை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வைக்கிறது!

தண்ணீரில் மங்கலாகக் கிடக்கும் அது, டிஎன்ஏவுக்குள் புகுந்தால் சுமார் 20 மடங்கு பிரகாசம்! ஒவ்வொரு மூலக்கூறும் டிஎன்ஏ முறுக்கை 26 டிகிரி அவிழ்த்துவிடும்!

இங்கேதான் ஆய்வாளர்களின் சாமர்த்தியம். முதலில் டிஎன்ஏவில் எத்திடியத்தை நிரப்பி ஒளிர விடுவார்கள். பிறகு புதுச் சேர்மத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். புதியவர் பலசாலியானால் எத்திடியத்தை வெளியே தள்ளிவிடுவார், வெளிச்சம் மங்கும்! எவ்வளவு மங்கியதோ அவ்வளவு பலம்! புதுச் சேர்மத்துக்குச் சொந்தமாக நிறம் இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை!

ஹெக்ஸ்ட் 33258 என்று ஒரு நீலச் சாயம். அது என்ன 33258? ஹெக்ஸ்ட் நிறுவனத்தில் அந்தச் சேர்மத்துக்குக் கொடுத்த வரிசை எண்! இது உள்ளே செருகாது. டிஎன்ஏவின் குறுகிய பள்ளத்தில் வளைந்து படுத்துக்கொள்ளும்!

1990-இல் வந்ததுதான் அதிசயத்தின் உச்சம்! ருதேனியம் உலோகச் சேர்மம் ஒன்று. தண்ணீரில் இருட்டு. டிஎன்ஏவைச் சேர்த்த கணத்தில் வெளிச்சம்! எத்தனை மடங்கு? பத்தாயிரத்துக்கு மேல்! ஜாக்குலின் பார்ட்டனோடு அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ழான்-பியர் சோவாழ். மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016-இல் நோபல் வாங்கினாரே, அவரேதான்!

ஒட்டியது போதும், வெட்டுக்கு வருவோம்!

டிஎன்ஏவின் ஓர் இணைப்பு, வெறும் தண்ணீரில், அறை வெப்பத்தில், தானாக அறுபட வேண்டும் என்றால் எவ்வளவு காலம் ஆகும்? 2006-இல் வெளிவந்த கணக்கு சொல்கிறது, பாதி இணைப்புகள் அறுபட ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள்! அதையே ஒரு மணி நேரத்தில் வெட்டும் சேர்மங்களை மனிதன் செய்துவிட்டான்! தண்ணீரை நம்பாமல், பெரும்பாலும் வேறு வழியில் வெட்டி!

முதல் செயற்கைக் கத்தரி 1979-இல் வந்தது. அதுவும் தற்செயலாக! அமெரிக்காவில் டேவிட் சிக்மன் குழு ஒரு நொதியைத் தடுக்கும் சோதனையில் ஃபினாந்த்ரோலின் என்ற பொருளைப் பயன்படுத்தியது. பார்த்தால், செம்போடு கூட்டுச் சேர்ந்து அது டிஎன்ஏவையே வெட்டிக்கொண்டிருந்தது!

ஃபினாந்த்ரோலின் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று கல்லூரி ஆய்வகங்களில் சோதிக்கும் அதே பொருள்தான். இரும்பைக் கண்டால் சிவக்கும், செம்பைச் சேர்த்தால் வெட்டும்!

கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கி, கொஞ்சம் வடக்கே போனால் கம்பார். பழைய ஈயச் சுரங்க ஊர். அங்கே வளாகம் வைத்திருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் இங் சியூ ஹீ குழு என்ன செய்தது தெரியுமா? அதே ஃபினாந்த்ரோலினோடு உலோகங்களைக் கோத்துப் புதுச் சேர்மங்கள் செய்து, டிஎன்ஏவில் எப்படி ஒட்டுகின்றன என்று அளந்து, புற்றுச் செல்களிலும் சோதித்து, 2008-இல் ஆய்விதழில் வெளியிட்டது! மலேசிய மண்ணின் வேலை!

நம் திருச்சி மட்டும் சளைத்ததா? பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். பழனியாண்டவர் குழு, நம் உடம்பில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் செம்போடு சேர்த்துச் சேர்மங்கள் செய்தது. டிஎன்ஏவில் ஒட்டின! வெட்டின! புற்றுச் செல்களைக் கொன்றன! வெளியான ஆண்டு 2009!

சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் டிஎன்ஏவுக்கு என்ன வேலை? தோல் பதனிட உதவும் குரோமியம் டிஎன்ஏவை என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். பாலச்சந்திரன் உண்ணி நாயர் குழு வரிசையாக ஆய்வுகள் வெளியிட்டது! செருப்புத் தோலில் தொடங்கி மரபணுவில் போய் நின்ற ஆராய்ச்சி!

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இன்னொரு அற்புதம். ஏ. ஆர். சக்ரவர்த்தி குழுவின் செம்புச் சேர்மங்கள் சிவப்பு ஒளி பட்டால் வெட்டும்! 2003-இல் வெளியானது. சிவப்பே ஏன்? நீலத்தைவிடச் சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகும்!

வெட்டியதை எப்படிப் பார்ப்பது? அதற்கென்றே ஒரு வட்ட டிஎன்ஏ வைத்திருக்கிறார்கள். பெயர் பிபிஆர்322. எழுத்து ஜோடிகள் 4,361. இரண்டு இழையிலும் சேர்த்து 8,722 இணைப்புகள். இந்த 8,722-இல் ஒன்றே ஒன்று, எங்கோ ஓர் இடத்தில், அறுபட்டாலும் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிக்கொடுத்துவிடும்! எப்படி? முறுக்கு ஏறிய வட்டம் இறுகிச் சிறுத்திருக்கும், மின்சாரம் பாயும் ஜெல் கூழில் விறுவிறுவென்று ஓடும். ஒரே ஓர் அறுப்பு விழுந்தால் போதும், முறுக்கு முழுக்க அவிழ்ந்துவிடும்! உப்பிப்போய், பின்தங்கிவிடும்! இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுபட்டு நேர்கோடானால் நடுவில் நிற்கும். மூன்று பட்டைகள், மூன்று கதைகள்! வேகமாக ஓடியது வெட்டுப்படாதது, பின்தங்கி மேலே நின்றது ஒரு வெட்டு, நடுவில் நிற்பது முழு வெட்டு. மேல் பட்டை எவ்வளவு தடித்ததோ, கத்தரி அவ்வளவு கூர்மை! நான் படித்த அளவீடுகளிலேயே இவ்வளவு அழகானது வேறில்லை என்று சத்தியம் செய்வேன்!

ஒரு நுணுக்கம் சொல்லட்டுமா? முறுக்கு ஏறிய டிஎன்ஏ சாயத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும். அதனால் உண்மையைவிட மங்கலாகத் தெரியும். ஆய்வாளர்கள் விடுவார்களா? ஒன்றேகால், ஒன்றரை மடங்கு பெருக்கிக் கணக்கை நேராக்கிவிடுகிறார்கள்!

அந்த ஜெல் எதிலிருந்து? கடல்பாசியிலிருந்து! மலேசியக் கல்யாண வீடுகளில் வண்ண வண்ணமாகத் துண்டு போட்டு வைப்பார்களே, அகார்-அகார், அதே அகாரைச் சுத்திகரித்துத்தான் அகரோஸ் எடுக்கிறார்கள்!

அகாரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் யார்? 1881-இல், ஜெர்மனியில், ஃபேனி ஹெஸ்ஸே என்ற இல்லத்தரசி! அவருக்கு அந்தச் சமையல் குறிப்பைச் சொன்னவர் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய தோழி!

இப்போது மறுபடி தேநீருக்கு வாருங்கள். செயற்கைக் கத்தரிகளைப் பார்த்தீர்கள். தேயிலையே ஒரு கத்தரி என்றால் நம்புவீர்களா?

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் எஸ். எம். ஹாதி குழு 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. கிரீன் டீயைத் தண்ணீரில் இறக்கினார்கள். அந்தச் சாற்றோடு செம்பு அயனியைச் சேர்த்தார்கள். டிஎன்ஏ துண்டு துண்டாயிற்று! 1979-இல் ஃபினாந்த்ரோலின் செய்தது போலவே இதற்கும் செம்புதான் கூட்டாளி!

வெட்டுவதில் பெரும் பங்கு ஹைட்ராக்சில் என்ற மூர்க்கனுக்கு. செல்லுக்குள் அதன் ஆயுள்? ஒரு நொடியின் 100 கோடியில் ஒரு பங்கு! பிறந்த இடத்திலேயே கடித்துவிட்டுச் சாகும்!

பயந்து கோப்பையைக் கீழே வைத்துவிடாதீர்கள்! அது சோதனைக் குழாய்க்குள், செம்பைத் தனியாகக் கலந்து செய்தது. செம்பு இல்லாத இடத்தில், அந்தச் சாற்றில் இருக்கும் இதே கேட்டச்சின்கள் என்ற பாலிபினால்கள் மூர்க்க ஆக்சிஜனை அடக்குகின்றன. ஒரே பொருள், இடத்துக்கு இடம் நேர் எதிர் வேலை! புற்றுச் செல்களில் செம்பு அதிகம் என்பதால் இந்தக் கத்தரியை அங்கே திருப்பலாமா என்றுதான் ஹாதி கேட்டார். அருமையான கேள்வி!

தேயிலையின் உலர் எடையில் கால் பங்குக்கு மேல் இந்தப் பாலிபினால்கள்தான்! தேநீரின் துவர்ப்பும் இவைதான், சிவப்பும் இவற்றிலிருந்துதான்!

இதனால் விஞ்ஞானிகள் படும் பாட்டைக் கேளுங்கள். தேயிலையிலிருந்து சுத்தமான டிஎன்ஏ எடுப்பது பெரும் போராட்டம்! இலையை அரைத்த கணமே பாலிபினால்கள் கறுத்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எதற்கும் உதவாது. தீர்வு? பாலிபினாலைப் பிடித்துக்கொள்ளும் ஒரு செயற்கைப் பொருள், போவிடோன்! எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? காயத்துக்குத் தடவும் போவிடோன் அயோடினில் இருக்கும் அதே போவிடோன்!

கூடவே சிடாப் என்று ஒரு நேர் மின்னூட்டச் சோப்பு. அந்த 1,200 கோடி எதிர் மின்னூட்டம் ஞாபகம் இருக்கிறதா? சோப்பு அதைத்தான் தேடிப் பிடிக்கிறது! கிருமிநாசினிகளில் வரும் செட்ரிமைடுக்கு இது சொந்தக்காரன்!

டிஎன்ஏவில் ஒட்டும் சேர்மத்தால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். பிளாட்டினம் சேர்மமான சிஸ்பிளாட்டின்! அதை 1845-இல் இத்தாலியர் பெய்ரோனே செய்து வைத்தார். 120 ஆண்டுகள் அது மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. 1965-இல் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களுக்கு மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின, சில 300 மடங்கு வரை! குற்றவாளி மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அந்த வழியில் சிஸ்பிளாட்டினுக்கு 1978-இல் புற்றுநோய் மருந்தாக அனுமதி! விரைப் புற்றுநோயில் இன்று பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள்!

ஒற்றைச் செல்லின் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும் சோதனை உண்டு. உடைந்த துண்டுகள் மின்புலத்தில் வால் விடும், அதனால் பெயர் வால்மீன் சோதனை! இன்று உலகம் முழுவதும் பயன்படும் வடிவத்தை 1988-இல் தந்தவர் நரேந்திர சிங்!

கடைசியாக, நீங்களே பார்க்க ஒன்று! கேமரன் மலையின் இன்னொரு பெருமை ஸ்ட்ராபெரி. நம் செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டு. தோட்டத்து ஸ்ட்ராபெரியில் எட்டு! மொத்தம் 56 குரோமோசோம்கள்! அதனால்தான் வீட்டில் டிஎன்ஏ எடுக்க இதைவிட நல்ல பழம் இல்லை. இரண்டு பழத்தை மசியுங்கள். அரைக் கோப்பைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து மெல்லக் கலக்குங்கள், நுரை வரக்கூடாது. துணியில் வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஃப்ரீசரில் வைத்துச் சில்லென்று ஆக்கிய ஸ்பிரிட்டை ஓரமாக வழியவிடுங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள், ஸ்பிரிட் தீப்பிடிக்கும்! சில நிமிடத்தில் வெள்ளை நூலாக மேலே எழுந்து வரும். கம்பார் ஆய்வாளரும் திருச்சிப் பேராசிரியரும் அளந்த அதே பொருள்தான், டிஎன்ஏ! தானா ராத்தா, ரிங்லெட் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, அடுத்த அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டிவிடுங்கள்!